மூன்றாம் ஆண்டிலும் உழைக்கும் ஃபோன்

திருப்பூரில் 14 ஆண்டுகளாகக் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வரும் ஃபோன்களில் பாதிக்கு மேல் பிழைப்புக்கான கருவிகள். பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசர் துணி மாதிரியின் படத்தை அதில்தான் பையருக்கு அனுப்புகிறார். உணவு டெலிவரி செய்யும் இளைஞர் அதில்தான் ஆர்டர் எடுக்கிறார். குழுக்கடன் வசூலுக்குப் போகும் பெண் அதில்தான் தவணையைப் பதிகிறார். இவர்களில் யாருடைய ஃபோனாவது ஒரு நாள் என் கடையில் தங்கிவிட்டால், அவருக்கு அன்றைய வருமானம் இல்லை. இவர்கள் வாங்குவது பெரும்பாலும் 15,000 முதல் 30,000 ரூபாய் வரையிலான இடைநிலை ஃபோன்களைத்தான். அந்த விலைக்கு நல்ல கருவிகள் கிடைக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாங்குகிறவர் பார்ப்பது ஷோரூம் வெளிச்சத்தில் முதல் நாள் மின்னுகிற ஃபோனை; நான் பார்ப்பதோ அதே ஃபோனை இரண்டு வருடம் கழித்து, வேலையின் நடுவே அது நின்றுபோன நாளில். ஆகவே, வேலைக்கு ஃபோன் வாங்குகிறவர் அதை அதன் மூன்றாம் ஆண்டில் வைத்துக் கற்பனை செய்து பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

'அண்ணா, ரொம்ப ஹேங் ஆகுது' என்பதே நான் அதிகம் கேட்கும் புகார். ரேம், அதாவது செயலிகள் ஓடும் தற்காலிக நினைவகம், போதவில்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டு வருவார்கள். பிரித்துப் பார்த்தால் பல நேரங்களில் குற்றவாளி ரேம் அல்ல, சேமிப்பகம். 128 ஜிபி, 256 ஜிபி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது எந்த வகைச் சேமிப்பகம் என்பதைச் சிறிய எழுத்தில் எங்கோ போட்டிருப்பார்கள், அல்லது போடவே மாட்டார்கள். பழைய வகையான இஎம்எம்சி 5.1, நொடிக்கு ஏறத்தாழ 300 மெகாபைட் வேகத்தில் தரவைப் படிக்கும்; புதிய வகையான யுஎஃப்எஸ் 2.2 ஏறத்தாழ 1,000 மெகாபைட்டையும், யுஎஃப்எஸ் 3.1 ஏறத்தாழ 2,000 மெகாபைட்டையும் தொடும். வேகத்தைவிட முக்கியமான வேறுபாடு இன்னொன்று உண்டு. இஎம்எம்சி, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் விடக்கூடிய குறுகிய பாலத்தைப் போன்றது. தரவைப் படிக்கும்போது எழுத முடியாது, எழுதும்போது படிக்க முடியாது. யுஎஃப்எஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். காலையில் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வணக்கப் படங்கள் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் நீங்கள் பில்லிங் செயலியைத் திறக்க முயலும்போது, இந்த வேறுபாடு விரல் நுனியில் தெரியும். சேமிப்பகம் நிறைய நிறைய அதன் வேகம் மேலும் குறையும் என்பதால், வேலைக்கான ஃபோனில் 256 ஜிபியும், குறைந்தது யுஎஃப்எஸ் 2.2 வகையும் இருப்பது நல்லது. விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால், தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைக் கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

இதோடு சேர்ந்தது 'விர்ச்சுவல் ரேம்' என்னும் விளம்பரம். '8 ஜிபி + 8 ஜிபி, ஆக 16 ஜிபி' என்று ஒட்டியிருப்பார்கள். அந்த இரண்டாவது 8 ஜிபி, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம். ரேமின் வேகம் அதற்கு ஒருபோதும் வராது. வேலைக்கு உண்மையான 8 ஜிபி ரேம் இருந்தால் போதும், கூட்டல் கணக்கைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

செயலியகத்தின் (ஃபோனை இயக்கும் புராசஸர் சிப்பின்) பெயரில் உள்ள எண்களை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. 2023ஆம் ஆண்டில் வந்த ஸ்னாப்டிராகன் 7 பிளஸ் ஜென் 2, அதே ஆண்டில் வந்த ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2 ஆகிய இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி போலத் தோன்றும். திறனில் முன்னது எங்கோ உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் மின்னஞ்சல், கணக்குச் செயலி, வீடியோ கூட்டம் போன்ற வேலைகளுக்கு 7எஸ் வரிசையோ 4 நானோமீட்டரில் உருவான டைமென்சிட்டி 7300 போன்றதோ தாராளமாகப் போதும் என்பதால், இதில் நான் அதிகம் மெனக்கெடச் சொல்ல மாட்டேன்.

மென்பொருள் அப்டேட் விஷயத்தில்தான் மூன்றாம் ஆண்டு என்ற அளவுகோல் சரியாகப் பொருந்துகிறது. அப்டேட்டில் இரண்டு வகை உண்டு: ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு ஒன்று, மாதந்தோறும் அல்லது சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் பாதுகாப்புத் திருத்தம் மற்றொன்று. வங்கிச் செயலியும் அலுவலகச் செயலியும் வைத்திருப்பவருக்கு இரண்டாவது வகையே உயிர்நாடி. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி ஏ56, ஏ36, ஏ26 ஆகிய மாடல்களுக்கு 6 ஆண்ட்ராய்டுப் பதிப்புகளும் 6 ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. நத்திங் ஃபோன் 3ஏ மாடலுக்கு 3 பதிப்புகளும் 6 ஆண்டுத் திருத்தங்களும் அறிவிக்கப்பட்டன. அதே விலையில் இரண்டு பதிப்புகளோடு கைகழுவிவிடும் மாடல்களும் சந்தையில் இருக்கின்றன. இந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, மாடல் வெளியான நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தீபாவளித் தள்ளுபடியில் 4,000 ரூபாய் குறைத்துக் கிடைக்கும் ஃபோன் ஒன்றரை வருடப் பழைய மாடலாக இருந்தால், அந்த ஒன்றரை வருடத்தையும் நீங்கள்தான் இழக்கிறீர்கள். ஏற்கெனவே கையில் இருக்கும் ஃபோனின் நிலையை அறிய, செட்டிங்ஸில் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதிக்குள் போய்ப் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பார்த்தால் போதும்.

இனிச் சொல்லப்போவது எந்த விளம்பரத்திலும் இடம்பெறாதது. என் வாடிக்கையாளர்களை மிக அதிகமாகக் கலங்கடிப்பதும் இதுதான். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகச் சில நிறுவனங்களின் மென்பொருள், திரை அணைந்த சிறிது நேரத்தில் பின்னணியில் ஓடும் செயலிகளை முடக்கிவிடுகிறது. பொழுதுபோக்குக்கு ஃபோன் வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. களப்பணியாளருக்கோ, வருகைப்பதிவுச் செயலி இடையில் நின்று அரை நாள் சம்பளம் போகிறது; டெலிவரி செய்பவருக்கு இருப்பிடம் நகராமல் உறைந்து ஆர்டர் வருவது நிற்கிறது. ஜிபிஎஸ் கெட்டுவிட்டது என்று ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி மூன்று முறை என்னிடம் ஃபோனைக் கொண்டுவந்தார். இரண்டு முறை ஆன்டெனாத் தொடர்புகளைச் சோதித்துக் குறையில்லை என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறைதான் பேட்டரி அமைப்பைத் திறந்து பார்க்கத் தோன்றியது, அது என் தவறு. அவருடைய செயலிக்கு 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றி, தானாகத் தொடங்கும் அனுமதியையும் கொடுத்த பிறகு அவர் அந்தப் புகாரோடு வரவில்லை. எனவே, ஃபோன் வாங்கும் முன் உங்கள் அலுவலகத்தில் அதே செயலியைப் பயன்படுத்தும் நான்கு பேரிடம் என்ன மாடல் வைத்திருக்கிறார்கள், இடையில் நிற்கிறதா என்று கேளுங்கள். யூடியூப் விமர்சனங்கள் பத்தைப் பார்ப்பதைவிட அது பயன் தரும்.

திரையைப் பொறுத்தவரை, வெயிலில் நிற்கிறவருக்கு, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரையே வசதி. '4,500 நிட்ஸ்' என்பது போன்ற ஒளி அளவு எண்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது திரையின் ஒரு சிறு பகுதி, சில நொடிகளுக்கு எட்டும் உச்சம். முழுத் திரையும் வெயிலில் எவ்வளவு ஒளிரும் என்பதைக் குறிக்கும் எண் வேறு, அது 1,000 நிட்ஸுக்கு மேல் இருந்தால் மத்தியான வெயிலிலும் எழுத்து தெரியும். எங்கள் ஊருக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். அமோலெட் திரைகள் பல, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே நிறங்களை மிகைப்படுத்திக் காட்டும் 'விவிட்' அமைப்பில் இருக்கின்றன. சாயப்பட்டறையிலிருந்து வந்த லேப் டிப் (ஒப்புதலுக்காகச் சாயமேற்றிய சிறு துணி மாதிரி) படத்தை அந்தத் திரையில் பார்த்து ஷேடு சரி என்று சொல்லிவிட்டு, துணி வந்த பிறகு தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். 'இயற்கை நிறம்' என்ற அமைப்புக்கு மாற்றினால் ஓரளவு நெருங்கி வரும். ஆனாலும் ஃபோன் திரையை வைத்து ஷேடுக்கு இறுதி ஒப்புதல் தரக் கூடாது என்பதே என் ஆலோசனை, அது எவ்வளவு விலை உயர்ந்த ஃபோனாக இருந்தாலும்.

கேமராவைப் பற்றி ஒரே வார்த்தை: பின்பக்கத்தில் மூன்று கண்கள் இருந்தாலும், அவற்றில் மிக அருகில் எடுக்கும் மேக்ரோ, பின்னணியை மங்கலாக்க உதவும் டெப்த் என்று 2 மெகாபிக்சலில் வருபவை பெரும்பாலும் எண்ணிக்கைக்கு வைத்தவை. முதன்மைக் கேமராவில் கை நடுங்கினாலும் படம் கலங்காமல் காக்கும் ஓஐஎஸ் இருக்கிறதா, பில்லையும் ஆதாரையும் அருகில் வைத்துப் படமெடுத்தால் எழுத்து தெளிவாக விழுகிறதா என்று கடையிலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள். பைக் ஹேண்டில்பாரில் ஃபோனை மாட்டுகிறவர்களுக்கு ஓஐஎஸ் தொடர்பாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதன் உள்ளே லென்ஸ் நுண்ணிய அசைவுகளால் நிலைநிறுத்தப்படுகிறது. மோட்டார்சைக்கிள் எஞ்சினின் அதிர்வு அதைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் தன் பயனாளர்களை எச்சரித்தது. படமெடுக்கும்போது லென்ஸ் நடுங்கிக்கொண்டே இருக்கும் டெலிவரி ஃபோன்களை நானும் பார்க்கிறேன். அதிர்வைத் தாங்கும் ஹோல்டராகப் பார்த்து வாங்குவது சிக்கனம்.

அதே ஹோல்டரில் வெயில் நேராகப் படும்படி ஃபோனை மாட்டி, வண்டியின் சார்ஜரையும் சொருகி, மேப்பையும் ஓடவிட்டால் பேட்டரி மூன்று பக்கமும் வேகிறது. லித்தியம் பேட்டரிக்கு வெப்பமே முதல் எதிரி. பேட்டரி உப்பிப் பின்மூடி பிளந்து வரும் ஃபோன்களில் இப்படிப் பயன்படுத்தப்பட்டவையே அதிகம். 5,000 எம்ஏஎச் என்பது இப்போது சாதாரணம், 6,000க்கு மேலும் கிடைக்கிறது. களப்பணிக்குப் பெரியதே நல்லது. ஆனால் '80 வாட் சார்ஜிங்' என்பது அந்த நிறுவனத்தின் சொந்த சார்ஜரில் மட்டுமே கிடைக்கும் வேகமாக இருக்கலாம். யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொதுவான முறையில் எத்தனை வாட் ஏற்றுக்கொள்ளும் என்று கேளுங்கள்; வெளியூரில் பவர் பேங்கையோ அடுத்தவர் சார்ஜரையோ நம்பி இருக்கும்போது அந்த எண்தான் உதவும்.

பேட்டரியின் ஆயுளையும் பழுதுபார்க்கும் வசதியையும் வாங்கும் முன்பே அறிய இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது, அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஃபோன்களின் பேட்டரி, 800 முறை சார்ஜ் செய்த பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். விற்பனை நின்ற பிறகும் முக்கிய உதிரிபாகங்களை 7 ஆண்டுகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதும் விதி. ஒவ்வொரு மாடலுக்கும் பேட்டரி எத்தனை சார்ஜ் சுழற்சி தாங்கும் என்பதை எண்ணாகவும், கீழே விழுந்தால் எப்படி, பழுதுபார்க்க எளிதா என்பவற்றை எழுத்துத் தரமாகவும் காட்டும் லேபிளும் உண்டு. எப்ரெல் என்ற பொதுத் தரவுத்தளத்தில் யாரும் அதைத் தேடிப் பார்க்கலாம். அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஒரே பெயரில் இங்கு விற்கும் மாடலின் பேட்டரியோ சிப்போ வேறாகவும் இருக்கலாம், ஆகவே மாடல் எண்ணையும் விவரங்களையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒத்துப்போனால், விற்பனையாளரின் வாய்ச்சொல்லைவிட அது பலமான சான்று.

உதிரிபாக விலையை வாங்கும் முன் விசாரிக்கிறவர் நூறில் ஒருவர்கூட என் கடைக்கு வந்ததில்லை. வளைந்த அமோலெட் திரை உடைந்தால், அதன் ஒரிஜினல் காம்போவை (டிஸ்ப்ளேயும் டச் கிளாஸும் சேர்ந்த தொகுப்பை) மாற்ற ஃபோன் விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகிவிடுவதுண்டு. தட்டைத் திரை என்றால் உடைவதும் குறைவு, கிளாஸ் ஒட்டுவதும் எளிது. வளைந்த திரைக்குப் பசை ஊற்றி ஒட்டும் யூவி கிளாஸ் போடப்போய், அந்தப் பசை ஸ்பீக்கருக்குள்ளும் பட்டனுக்குள்ளும் இறங்கி வந்த ஃபோன்கள் ஏராளம். உங்கள் ஊரில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, இல்லையென்றால் கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏற வேண்டுமா என்பதும் விலையின் ஒரு பகுதியே. தண்ணீர், தூசியைத் தாங்கும் தரமான ஐபி67, ஐபி68 என்று போட்டிருந்தாலும் தண்ணீர் உள்ளே போன ஃபோனுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டி தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெட்வொர்க் பற்றிச் சுருக்கமாக: ஜியோவின் 5ஜி, 700 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் என்28 பேண்டையும் (அலைவரிசையையும்) பயன்படுத்துகிறது, சுவரைத் துளைத்து வருவதில் அது அதிக அதிர்வெண் கொண்ட என்78 பேண்டைவிட மேல். தகரக்கூரை ஷெட்டுக்குள்ளும் குடோனுக்குள்ளும் வேலை பார்ப்பவர் இரண்டு பேண்டும் உள்ள ஃபோனாக, வைஃபை வழியாக அழைப்பு வசதியும் உள்ளதாகப் பார்ப்பது நல்லது. இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான் என்றால் இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும்.

பணம் கொடுக்கும்போது ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். ஃபோனுக்கு 18 சதவீத வரி கட்டுகிறீர்கள். தொழிலுக்கு வாங்குகிற பதிவுபெற்ற வணிகராக இருந்தால், பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் உள்ளீட்டு வரிச் சலுகை கோர முடியும். *#06# அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஃபோனுக்கே உரிய அடையாள எண்), பெட்டியிலும் பில்லிலும் இருக்கும் எண்ணோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். பழைய ஃபோன் வாங்குவதாக இருந்தால், 'கேஒய்எம்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தடைசெய்யப்பட்ட ஃபோனா என்பது தெரிந்துவிடும். பில்லைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்; ஃபோன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கப் பில்லில் உள்ள அந்த ஐஎம்இஐ எண் வேண்டும், தொலைந்த ஃபோனுக்குள்ளேயே அந்தப் படமும் இருந்தால் காவல் நிலையத்தில் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டிவரும்.