கொழும்புக் காற்றும் ஊர்க் கத்தரி விதையும்

அம்மம்மாவின் வளவிலிருந்து வந்த கத்தரி, வெள்ளவத்தை மொட்டைமாடியில் நன்றாகக் காய்க்கும். கடைப் பைக்கற்றில் கிடைக்காத இனம் என்று விதையை ஆசையாக எடுத்து வைப்போம். அடுத்த வருடம் விதைத்தால் பாதிகூட முளைக்காது. பெரும்பாலும் அதைக் கெடுப்பது கொழும்பின் ஈரக் காற்றுத்தான்.

விதைக்குள் உயிருள்ள முளையம் இருக்கிறது. நன்றாக உலர்ந்தால் அதன் கலங்களில் உள்ள சர்க்கரையும் புரதமும் கண்ணாடி போல இறுகிவிடும். சிதைவு மிக மெதுவாகவே நடக்கும். ஈரம் ஏறினால் அந்த இறுக்கம் இளகி, ஒட்சிசன் கலமென்சவ்வையும் டிஎன்ஏயையும் அரிக்கத் தொடங்கும். சேதத்தைத் திருத்திக்கொள்ளவும் விதைக்குத் தண்ணீர் வேண்டும், அந்த அளவு ஈரமோ அதனிடம் இல்லை. முளைக்கவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் கிடந்தே அது செத்துப்போகிறது.

கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 75 சதவீதத்துக்கு மேல். அதில் திறந்து வைத்த கத்தரி விதையின் ஈரம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிற்கும். விதை ஆய்வாளர் ஹாரிங்டன் ஒரு கணக்குச் சொன்னார்: ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இருமடங்கு, வெப்பநிலை 5 பாகை குறைந்தாலும் இருமடங்கு. தோராயக் கணக்குத்தான். ஆனாலும் ஈரத்தை 12இலிருந்து 6க்கு இறக்கினால் 64 மடங்கு வருகிறதே! 28 பாகையிலிருந்து 8 பாகைக்கு, அதாவது பிரிட்ஜுக்குள், கொண்டுபோனால் 16 மடங்கு. ஆகவே முதலில் உலர்த்துங்கள், குளிர் அப்புறம்.

பழம் செடியிலேயே மஞ்சளாகிப் பழுக்கட்டும். பிசைந்து தண்ணீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும். அதை நிழலில் காயவிடுங்கள், சுடுவெயில் வேண்டாம். நிழல் மட்டும் கொழும்பில் போதாது. வறுத்து ஆறிய அரிசியை இறுக்கமாக மூடும் போத்தலில் பாதிக்கு நிரப்பி, விதையைத் துணியில் முடிந்து மேலே வையுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில நாளுக்கொருமுறை புதிதாக வறுத்து மாற்றலாம். விதை நன்றாக உலர்ந்தபின் மூடிய போத்தலோடு பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்த போத்தலை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த விதையில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

இனம் கலக்காமலிருக்க, விரியாத மொட்டுக்கு நுளம்புவலைத் துணியில் பை கட்டுங்கள். கத்தரி மகரந்தப்பையின் நுனியில் சிறு துளைதான் உண்டு. கருவண்டு பூவைப் பிடித்து அதிர்ந்தே மகரந்தத்தை உதிர்க்கும். பைக்குள் வண்டு வராது என்பதால் பூ விரிந்த காலையில் விரலால் தட்டிவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரே வீட்டில் இருக்கும் விதை பாதுகாப்பானதல்ல. ஒரு மழைக்காலம், ஒரு வீடு மாற்றம் போதும் அது தொலைய. கொட்டாஞ்சேனை மாமிக்கும் தெகிவளைச் சித்திக்கும் கொடுத்து வையுங்கள். காகித உறையில் கொடுத்தால் விதை சில நாட்களில் பழையபடி ஈரமாகிவிடும். மூடி இறுகிய சின்ன மருந்துப் போத்தலில், ஊரும் வருடமும் எழுதிக் கொடுங்கள். உடனே நடுகிறவர் என்றால் நாற்றாகவே கொடுத்துவிடலாம்.