எல்லாக் கதவும் ஒரே நிறமாக இருந்தால் ஆயா எந்தக் கதவைத் தட்டுவார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ஷால்கிராஸ் பக்கம் தனி வீட்டில் இருந்த பெரியவர்களைப் பிள்ளைகள் தங்களோடு காம்ப்ளக்ஸுக்கு, அதாவது சுற்றி மதில் வைத்த குடியிருப்பு வளாகத்துக்கு, அழைத்துக்கொள்வதை நிறையப் பார்க்கிறேன். காரணம் நியாயமானது. கேட் இருக்கிறது, வாசலில் காவலுக்குக் கார்டு இருக்கிறார், ராத்திரி பயமில்லாமல் தூங்கலாம். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி. டிமென்ஷியா (நினைவும் புரிதலும் மங்கிப்போகும் நிலை) வந்தவர்களின் வீட்டுக்கே போய், எப்படி நடக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், எதை மாற்றினால் இன்னும் கொஞ்ச காலம் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்வார்கள் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அப்படிப் போகும் காம்ப்ளக்ஸ்களில் என்னை அதிகம் மறிப்பது படிக்கட்டோ குளியலறையோ இல்லை, அழகுக்காகப் போட்ட விதிகள்தான்.

எல்லா வீட்டுக்கும் ஒரே சாம்பல் சுவர், ஒரே கருஞ்சாம்பல் கதவு, வாசலில் ஒரே மாதிரித் தொட்டி, அதில் ஒரே செடி. பார்க்க நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டிமென்ஷியா உள்ள ஒருவர் அங்கே நாலு வீடு தள்ளி நடந்துவிட்டால் திரும்பி வர அவருக்கு ஒரு பிடியும் இல்லை.

டிமென்ஷியாவுக்குப் பெரும்பாலும் காரணமான அல்சைமர் நோய் மூளையில் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ். புது விஷயத்தை மனதில் பதிப்பதும், புது இடத்தின் வரைபடத்தை உருவாக்குவதும் அதன் வேலை. அதனால்தான் பழைய வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடமாடிய அம்மா, புது வீட்டுக்கு வந்த மறுவாரமே 'இருந்தாற்போல் மோசமாகிவிட்டார்' என்று பிள்ளைகள் பதறுகிறார்கள். நோய் ஒரே வாரத்தில் அப்படி ஏறியிருக்காது, அதுவரை அதை மறைத்துக்கொண்டிருந்த பழக்கமான இடம் போய்விட்டது. இதோடு நிற வேறுபாட்டைப் பிரித்துப் பார்ப்பதும், ஆழம் கணிப்பதும் குறைகின்றன. சாம்பல் சுவரில் சாம்பல் கதவு அவர்கள் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதே இல்லை. வாசலில் போட்ட கறுப்பு மிதியடி குழியாகத் தெரிகிறது, அதைத் தாண்டப் போய் விழுகிறார்கள். பளபளக்கும் டைல்ஸ் ஈரமாகத் தெரிகிறது, கால் வைக்க மறுக்கிறார்கள், நாம் 'பிடிவாதம்' என்கிறோம்.

எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். 14-ஆ 41-ஆ என்று அவர்களுக்கு நிற்காது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் லின் மிட்செலும் எலிசபெத் பர்ட்டனும் டிமென்ஷியா உள்ளவர்களோடு தெருத்தெருவாக நடந்து பார்த்து ஆராய்ந்தார்கள். வழி கண்டுபிடிக்க அவர்களுக்கு உதவியது வரைபடமோ திசையோ இல்லை, தனித்துத் தெரியும் அடையாளங்கள்: ஒரு கோபுரம், ஒரு தபால் பெட்டி, பூத்து நிற்கும் ஒரு தோட்டம், மற்றதிலிருந்து மாறுபட்ட ஒரு கதவு. ஒன்றையொன்று அச்சில் வார்த்தது போன்ற தெருக்களில்தான் அவர்கள் குழம்பினார்கள். என் வேலையில் நான் பார்ப்பதும் அப்படியே.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் கதை உண்டு. 1960-களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பராக்ஸ் மாதிரி இடங்களிலிருந்து இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டபோது, நகராட்சி கட்டிக் கொடுத்த வீடுகளும் வரிசை வரிசையாக ஒரே அச்சுதான். தெருக்களுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். ஆனால் யாரும் அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. ஒருவர் முன்னால் வராண்டா இழுத்தார், ஒருவர் ரோஸ் பெயின்ட் அடித்தார், இன்னொருவர் முற்றத்தில் சின்னதாகக் கோயில் கட்டினார், ஒரு வீட்டில் கறிவேப்பிலை, அடுத்த வீட்டில் மாமரம். கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகம் வந்தது. இப்போது டிமென்ஷியாவோடு இருக்கும் நம் பெரியவர்கள் அந்த முகங்களை வைத்தே பாதி வாழ்நாள் நடந்தவர்கள். அவர்களைக் கொண்டுவந்து, முகம் வைக்கவே கூடாது என்று விதி இருக்கும் இடத்தில் குடிவைக்கிறோம்.

நான் பார்த்துவரும் ஒரு பாட்டியை, ஓர் ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன், குடும்பம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் அவருக்கு நிலைகொள்ளாது. "வீட்டுக்குப் போகணும், வெளக்கு வைக்கணும்" என்று கிளம்பிவிடுவார். பொழுது சாயும் நேரத்தில் படபடப்பு கூடுவது டிமென்ஷியாவில் சகஜம், அதைப் பூட்டு போட்டு நிறுத்த முடியாது, நிறுத்தினால் கத்தலும் அழுகையும்தான் மிஞ்சும். வெளியே நடந்தால் பத்து நிமிடத்தில் தணிந்துவிடுவார். பிரச்சினை திரும்பி வருவதில். வேறு வீட்டுக் கதவைத் தள்ளுவார், அவர்கள் திறந்ததும் "யார் நீங்க, என் வீட்ல என்ன பண்றீங்க" என்பார். அக்கம்பக்கத்தில் முகம் சுளிப்பு தொடங்கியது.

நான் பரிந்துரைத்தது பெரிதாக ஒன்றும் இல்லை. கதவுக்கு அவர் பழைய வீட்டில் இருந்த செங்காவி நிறம். கதவுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில், பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று, காமாட்சி விளக்கு வடிவத்தில். மாவிலைத் தோரணம். தொட்டியில் துலுக்கச் சாமந்தி. மகன் வாரக்கடைசியில் இதையெல்லாம் செய்தார், ஆயா அந்தக் கதவுக்கு நேராக நடக்க ஆரம்பித்தார். அப்புறம் காம்ப்ளக்ஸை நிர்வகிக்க வீட்டு உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த ட்ரஸ்டீகளிடமிருந்து கடிதம் வந்தது: காம்ப்ளக்ஸின் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை, பழைய நிலைக்குக் கொண்டுவரவும், தவறினால் அபராதம்.

அதே காம்ப்ளக்ஸில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்காகச் சிமென்ட் சரிவு போட்டுக் கொடுத்திருந்தார்கள். யாரும் அது அழகைக் கெடுக்கிறது என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நான் ட்ரஸ்டீகளிடம் போய்ப் பேசியதும் இதை வைத்துத்தான். கால் வராதவருக்குச் சரிவு எப்படியோ, ஆயாவுக்கு அந்தக் கதவின் நிறம் அப்படி. அது அலங்காரம் இல்லை, அவர் வீட்டுக்குள் வருவதற்கான வழி.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விளக்கிச் சொன்னதும் ஒரு ட்ரஸ்டீ தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். யாரும் அவர்களுக்கு இதை இந்தக் கோணத்தில் சொன்னதில்லை, அவ்வளவுதான். நிறத்தில் கொஞ்சம் இறங்கிவந்தோம், அடர்ந்த செங்காவிக்குப் பதில் சுவரோடு ஒத்துப்போகும் செங்கல் நிறம். ஆயாவுக்கு அது போதுமாக இருந்தது. கண்ணைப் பறிக்கும் நிறம் தேவையில்லை, சுவரிலிருந்தும் பக்கத்துக் கதவுகளிலிருந்தும் பிரிந்து தெரிந்தால் போதும். சமரசத்துக்கு இதில் நிறைய இடம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. செக்ஷனல் டைட்டில் வீட்டில் (வீடு உங்களுக்குச் சொந்தம், வளாகம் எல்லோருக்கும் பொது) உங்கள் எல்லை கதவின் நடுக்கோடு வரைதான், கதவின் வெளிப்பக்கம் பொதுச்சொத்து. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த செக்ஷனல் டைட்டில் நிர்வாகச் சட்டத்தின் பொது நடத்தை விதிகளின்படி, வெளித்தோற்றத்தை மாற்ற ட்ரஸ்டீகளின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், தோற்றத்தைக் கெடுக்காத சின்ன மாற்றங்கள் தவிர. வெளியே தெரியும்படி போர்டு வைக்கவும் அனுமதி வேண்டும். ஆக, முதலில் செய்துவிட்டு அப்புறம் வாதாடுவது உங்களுக்கு எதிராகத்தான் போகும். ஆனால் அதே சட்டம், விதிகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஈக்வாலிட்டி சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், இயலாமை உள்ளவர்களின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து தர மறுப்பதையே பாகுபாட்டில் சேர்க்கிறது. டிமென்ஷியா ஒருவரின் அன்றாடத்தைப் பாதிக்கும் கட்டத்தில் அது இயலாமைதான், என் அறிக்கைகளில் தயங்காமல் அப்படியே எழுதுகிறேன். பேச்சுவார்த்தை முறிந்தால் சி.எஸ்.ஓ.எஸ். என்ற குறைதீர் அமைப்புக்குப் போகலாம். ஆனால் நாளைக்கு ஆயா வழிதவறி நின்றால் கைபிடித்துக் கூட்டிவர வேண்டியவர்கள் அதே பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களைப் பகைத்துக்கொண்டு ஜெயிக்கும் வழக்கு எனக்குப் பிடித்தமில்லை.

அனுமதி கேட்டு எழுதும்போது நோயின் முழு வரலாற்றையும் கொட்டாதீர்கள், அது பெரியவரின் அந்தரங்கம். என்ன மாற்றம், எதனால் தேவை, எந்த நிறம் (பெயின்ட் கடை அட்டையையே ஒட்டிவிடுங்கள்), செலவு யாருடையது, அவர் இங்கே இல்லாத காலத்தில் பழையபடி மாற்றித் தருவோம் என்ற உறுதி, கூடவே டாக்டர் அல்லது ஓ.டி.யின் ஒரு பக்கக் கடிதம். அந்தக் 'பழையபடி மாற்றித் தருவோம்' என்ற வரிக்குப் பல ட்ரஸ்டீகள் இளகிவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் பயம் இந்த ஒரு கதவைப் பற்றியது இல்லை, இதைக் காட்டி நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்பதுதான். தனியாரிடம் போக வசதியில்லை என்றால் அரசு மருத்துவமனையின் ஓ.டி. பிரிவில் கேளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல், பலர் கவனிப்பதில்லை. வீடு அம்மா பெயரில் இருக்கும், மகனிடம் பவர் ஆஃப் அட்டர்னி இருக்கும், அதை வைத்துக் கையெழுத்துப் போடுவார். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் கொடுத்தவர் புரிந்து முடிவெடுக்கும் திறனை இழந்ததும் அந்தப் பவர் செல்லாமல் போய்விடுகிறது. சொத்து, வங்கி விஷயங்களுக்கு நீதிமன்றம் நியமிக்கும் கியூரேட்டர் என்ற பொறுப்பாளரோ, மனநலச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் நிர்வாகியோ வேண்டியிருக்கும். நல்லவேளை, நடத்தை விதிகள் உரிமையாளரை மட்டும் இல்லாமல் குடியிருப்பவரையும் சேர்த்தே பேசுகின்றன, எனவே கூட வசிக்கும் மகனோ மகளோ தன் பெயரிலேயே அனுமதி கேட்டு எழுதலாம்.

பக்கத்து வீட்டார் பக்கமும் நியாயம் உண்டு. டிமென்ஷியா என்று சொல்லிவிட்டதால் வாசலில் பழைய சாமான்களைக் குவித்துவைப்பதையும், கேட்டில் தகரம் அடிப்பதையும், பால்கனி முழுக்கக் கம்பிவலை போடுவதையும் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் கம்பிவலை பெரியவருக்கும் நல்லதில்லை, அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியும், தீப்பிடித்தால் வெளியே வரவும் வழியிருக்காது. 'இங்கே நினைவு இழந்த முதியவர் வசிக்கிறார்' என்று வெளியே எழுதி மாட்டுவதைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. திருடனுக்கு அதைவிடத் தெளிவான அழைப்பு வேண்டாம். தெரிய வேண்டியவர்களுக்கு நேரில் சொல்லுங்கள்: இரண்டு பக்கத்து வீடு, எதிர்வீடு, கார்டு.

கார்டுதான் முக்கியம். ஷிஃப்ட் மாறும் ஒவ்வொருவருக்கும் தெரியும்படி, பெரியவரின் படம், கூப்பிட்டால் திரும்பும் பெயர், பிள்ளைகளின் நம்பர், இவ்வளவும் ஒரு தாளில் கார்டு அறைக்குள், வெளியார் கண்ணில் படாமல் இருக்கட்டும். அவர் எந்த மொழிக்கு அசைவார் என்றும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்று தடுத்தால் மிரளும் ஓர் ஆயா, 'வாங்க ஆயா, டீ குடிக்கலாம்' என்றால் கூடவே வந்துவிடுவார், ஜூலு பேசும் கார்டுக்கு அந்த நான்கு வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும், அவர்கள் சந்தோஷமாகக் கற்றுக்கொள்கிறார்கள். அப்படியும் காணாமல் போய்விட்டால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு விதியே இல்லை, உடனே போலீஸில் புகார் கொடுங்கள்.

தோட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகுக்கு வைக்கும் அரளி முழுக்க நஞ்சு. மாரியம்மன் பூஜைக்கு வேப்பிலைக்குப் பதிலாக நாம் ஒடிக்கும் சிரிங்கா மரத்தின் காயும் நஞ்சுதான். டிமென்ஷியாவில் கையில் கிடைத்ததை வாயில் போடுவோர் உண்டு, நடைபாதை ஓரத்தில் இவை வேண்டாம். சாய்மானம் உள்ள பெஞ்ச் ஒன்று, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சுற்றுப்பாதை, பாதையில் கறுப்புக் கோடு போட்ட கற்களுக்குப் பதில் ஒரே நிறக் கல். இதெல்லாம் காம்ப்ளக்ஸின் அழகைக் கூட்டவே செய்யும், முழங்கால் வலிக்காரர்களும் சின்னப் பிள்ளைகளோடு வரும் அம்மாக்களும் அந்த பெஞ்சில்தான் உட்காருவார்கள்.

நீங்கள் ட்ரஸ்டீயாக இருந்தால், யாராவது வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நிதியாண்டு முடிந்து நான்கு மாதத்துக்குள் ஏ.ஜி.எம். என்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தை எப்படியும் நடத்தியாக வேண்டும். அதற்கு முன் ட்ரஸ்டீகள் கூட்டத்திலேயே நாலைந்து கதவு நிறங்களை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வையுங்கள், சுவரோடு சேர்வதாக, ஒன்றுக்கொன்று பிரிந்து தெரிவதாக. மருத்துவக் காரணத்தோடு கேட்பவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் கிடைக்கும் என்று முடிவெடுத்து, அதை ஏ.ஜி.எம்.மில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். தன் வீட்டில் இன்னும் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் யாராவது ஒருவர் கூட்டம் முடிந்ததும் உங்களைத் தனியாக வந்து பார்ப்பார்.