மூன்றாம் நாள் சுவரில் ஊர்ந்த எறும்புகள்

"மாமா கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டார். இரண்டு நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி, சுவர் முழுக்க எறும்பு ஊர்கிறது என்று சொல்லி, வெறும் சுவரைத் துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். தெய்வக் குத்தம் என்கிறார்கள். அப்படியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தெய்வக் குத்தம் எதுவும் இல்லை. அவர் மூளை மதுவோடு வாழப் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

குடித்தது ரத்தத்தில் கலப்பதும் கல்லீரல் அதைச் சிதைப்பதும் பள்ளியில் படித்ததுதான். நேரே மூளைக்கு வருவோம். நரம்புகளை அமைதிப்படுத்த அங்கே காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது, உசுப்பிவிட குளூட்டமேட். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இரண்டும் சமமாக இழுத்துப் பிடிப்பதால்தான் நாம் நிதானமாக இருக்கிறோம். மது காபாவின் பக்கம் சேர்ந்து இழுக்கிறது, குளூட்டமேட்டையும் அடக்குகிறது. குடித்தவருக்கு நாக்கு குழறுவதும் தூக்கம் சொக்குவதும் அதனால்தான்.

தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? காபா வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களான ஏற்பிகளை மந்தமாக்குகிறது, குளூட்டமேட்டின் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. குவார்ட்டர் போதாமல் ஆஃப் ஆவது இதனால்தான். எனக்கு எப்போதும் வியப்பு தருவது இந்த இடம்தான். மதுவில் ஊறும்போதும் நம்மை நிதானத்தில் வைக்க அந்த மூளை எவ்வளவு பாடுபட்டிருக்கிறது!

சரி, மது ஒரே நாளில் கயிற்றை விட்டுவிட்டால்? எதிர்ப்பக்கம் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே வியர்வை, படபடப்பு, நடுக்கம் தொடங்கலாம். காலையில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியும் சட்டையில் சிந்திக்கொள்கிறவர் ஒரு கட்டிங் போட்டதும் சரியாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் சிலருக்குக் காய்ச்சல், குழப்பம், இல்லாத பூச்சிகள் கண்ணுக்குத் தெரிவது. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

டாக்டர்கள் தரும் டயசெபாம் போன்ற மாத்திரைகளும் அதே காபா ஏற்பியில்தான் வேலை செய்கின்றன. மது விட்டுப்போன இடத்தில் நின்று கயிற்றைப் பிடித்து, நாளுக்கு நாள் மெல்லத் தளர்த்துகின்றன. கூடவே பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள்.

கோயில் கயிற்றை நான் குறை சொல்ல மாட்டேன். குடியை விட்டே தீருவது என்ற உறுதி பலருக்கு அங்கேதான் பிறக்கிறது. என் கோபமெல்லாம் 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் மேல்தான். அந்த மருந்தில் டைசல்ஃபிரம் என்ற, மது சிதைவதைப் பாதியில் தடுக்கும் மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால், மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு ரத்தத்தில் தேங்கி ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதே அரசின் டாஸ்மாக்தான். அந்தப் பணத்தில் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குடியை விட வருகிறவருக்கென்று நாலு படுக்கையாவது போட வேண்டும்.

மாமாவை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்று கேட்பார்கள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள்.