விபத்துத் தடுப்பா, ஊறு தடுப்பா?

கலிஃபோர்னியாவில் இதயம், நட்சத்திரம், கை, கூட்டல் குறி ஆகிய நான்கில் ஒன்றைப் பொறித்த நம்பர் பிளேட்டைக் கூடுதல் பணம் கட்டி வாங்கலாம். 1992-இல் வந்த சட்டம் இது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு குழந்தைகளுக்கான 'இஞ்சுரி பிரிவென்ஷன்' பணிகளுக்குப் போகிறது. இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'விபத்துத் தடுப்பு' என்றே எழுதுகிறார்கள். போன வாரமும் ஒரு கட்டுரையில் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை.

    

விபத்து என்பது நடக்கும் நிகழ்ச்சி, இஞ்சுரி என்பது அதனால் உடலுக்கு நேரும் கேடு. சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டால் அவன் விழாமல் இருப்பானா? விழுவான், மண்டை உடையாது. காரில் குழந்தை இருக்கை மோதலைத் தடுக்காது, குழந்தையைக் காக்கும். ஆக, தடுக்கப்படுவது விபத்தே அல்ல. அதோடு, விபத்து என்றதும் 'விதி, என்ன செய்ய' என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. இதற்காகவே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-இல் 'ஆக்சிடென்ட்' என்ற சொல்லையே தன் பக்கங்களில் விலக்கியது. ஆங்கிலத்தில் கைவிட்ட பிழையை நாம் ஏன் தமிழில் கொண்டுவர வேண்டும்?

'காயத் தடுப்பு' என்பார்கள் சிலர். விபத்தைவிட மேல், ஆனாலும் போதாது. நீச்சல் குளத்தில் மூழ்கிய குழந்தையின் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. மண்ணெண்ணெயைக் குடித்துவிட்ட குழந்தைக்கும் அப்படித்தான். அதைக் காயம் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள்.

நம்மிடம் 'ஊறு' இருக்கிறது. தீங்கு என்று பொருள். 'ஊறு விளைவித்தல்' என்று இன்றும் எழுதுகிறோம். 662-ஆம் குறளில் 'ஊறொரால்' என்கிறார் வள்ளுவர். ஊறு வருமுன் விலக்குவது. தடுப்பு என்ற கருத்தே அதில் இருக்கிறது. 'சிறார் ஊறு தடுப்பு' என்று எழுதுங்கள். புரியாது என்று அஞ்சினால் முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

அப்புறம், அதே கட்டுரையில் நம்பர் பிளேட்டை 'உரிமத் தட்டு' என்று எழுதியிருந்தார்கள். உரிமம் ஓட்டுநரிடம் இருப்பது. தகட்டில் இருப்பது வண்டியின் பதிவெண். 'பதிவெண் பலகை' என்ற சொல்லைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.