மின்னல் கூடினால் மழை கூடுமா?

"இப்படி மின்னுதே சார், பெரிய மழை வருமா?" கோடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வானிலைப் பிரிவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான். நவம்பரில் வேறு மாதிரி கேட்பார்கள்: "இடியே இல்லையே, சும்மா தூறல்தானே?" முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆமாம்' என்று சொல்லிவிடலாம். ஆபத்து இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

மின்னலுக்கு அடிப்படை மேகத்தின் மேற்பகுதியில் இருக்கும் பனி. நம் ஊர் வானத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்தைத் தொட்டுவிடும். இடிமழை தரும் கார்திரள் மேகம் அதைத் தாண்டி 15, 16 கிலோமீட்டர் வரைகூட வளரும். உள்ளே மேல்நோக்கி ஏறும் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். பூச்சியத்துக்குக் கீழே போனாலும் நீர்த்துளிகள் எல்லாம் உடனே உறைந்துவிடுவதில்லை. மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் பல துளிகள் நீராகவே மிதக்கும். அவை மேலே ஒட்டி ஒட்டி உறைந்து கனத்துப்போன பனியுருண்டைகள் ஒரு பக்கம், எடை குறைந்த மெல்லிய பனிப்படிகங்கள் இன்னொரு பக்கம். இரண்டும் மோதி விலகும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. பொதுவாக உருண்டைக்கு எதிர்மின்னூட்டம், படிகத்துக்கு நேர்மின்னூட்டம். படிகத்தைக் காற்று உச்சிக்குத் தூக்கிவிடும். உருண்டை கனத்தால் நடுப்பகுதியிலேயே தங்கும். மேகத்தின் உச்சியிலும் நடுவிலும் இப்படி எதிரெதிர் மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போய், இடையில் உள்ள காற்று தாங்காத நிலை வந்ததும் மின்னல் அடிக்கிறது.

அந்தப் பனியுருண்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டத்தைப் பிரித்த அதே உருண்டைதான் கீழே இறங்கும்போது உருகிப் பெருந்துளி மழையாகக் கொட்டுகிறது. மின்னலும் மழையும் சேர்ந்து வருவதற்கு இதுதான் காரணம்.

சென்னையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்போம். பகலெல்லாம் வெயில் கொளுத்தியிருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே நுழைந்து மேற்குக் காற்றோடு மோதும் இடத்தில், திருவள்ளூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டைப் பக்கம், மேகம் கிளம்பும். ராடாரில் முதலில் சின்னப் பச்சைத் திட்டு. மின்னல் வரைபடத்தில் அப்போது ஒன்றுமே இருக்காது. கொஞ்ச நேரத்தில் மேகத்துக்குள்ளேயே அடிக்கும் மின்னல்கள் ஒன்றிரண்டு பதிவாகும். தரைக்கு இறங்கும் மின்னல் பெரும்பாலும் அதற்குச் சில நிமிடம் கழித்துத்தான். அப்புறம் எண்ணிக்கை சடசடவென்று ஏறும். நிமிடத்துக்கு இரண்டு, மூன்று என்று இருந்தது திடீரென இருபதைத் தாண்டினால் அறையில் பேச்சு நின்றுவிடும். மேலேறும் காற்று வலுத்துவிட்டது, மேலே பனி ஏராளமாகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சேர்ந்தது இறங்கித்தானே ஆக வேண்டும்? அநேகமாக அடுத்த பத்து, இருபது நிமிடத்தில் பெருமழை இறங்கும். கூடவே மரத்தைச் சாய்க்கும் காற்றும் வரலாம். இந்தத் திடீர் ஏற்றத்தை வைத்து ஆலங்கட்டி மழைக்கும் சூறைக்காற்றுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கும் வழிமுறையை அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

பளீரென்று ஒரு மின்னல், காது அடைக்கும் இடி, உடனே மழை சோவென்று கொட்டும். இடிதான் மேகத்தை உலுக்கிவிட்டது என்று நிறைய பேர் சொல்வார்கள். இதை விஞ்ஞானிகளும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பெர்னார்ட் வோனெகட்டும் சார்லஸ் மூரும் 1960களில் ராடாரை வைத்து இதையே ஆராய்ந்தார்கள். (வெள்ளி அயோடைடு தூவிச் செயற்கை மழை பெய்விக்கும் முறைக்கு வித்திட்டவர் இதே வோனெகட்தான்.) மின்னலுக்குப் பிறகு துளிகள் வேகமாக ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகக்கூடும் என்பது அவர்கள் வாதம். மழை ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும், மின்னல் இடையில் வந்து போகிறது என்பது மற்றவர்கள் வாதம். பெரிய மழைத்துளிகூட நொடிக்கு 9 மீட்டர் அளவில்தான் விழும். 5 கிலோமீட்டர் இறங்கச் சுமார் ஒன்பது நிமிடமாகும். அதனால் பெரும்பாலான நேரங்களில் இரண்டாவது விளக்கம்தான் சரி என்று எனக்குப் படுகிறது.

சரி, மின்னலை எண்ணியே மழை எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லிவிடலாமா? முடியாது. கண்டத்தின் உட்பகுதிகளில் தரையில் இறங்கும் ஒரு மின்னலுக்கு ஏறக்குறைய 10 கோடி லிட்டர் மழை என்று ஒரு கணக்கு உண்டு. 10 சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் வரும் தண்ணீர் அது. மேற்குப் பசிபிக் வெப்பமண்டலக் கடலிலோ ஒரு மின்னலுக்கு அதைப்போல நூறு மடங்குகூட மழை கொட்டும். கடல் ஈரம் நிறைந்த காற்று மெதுவாகத்தான் மேலேறும். பனி அதிகம் உருவாவதற்கு முன், 5 கிலோமீட்டருக்குக் கீழேயே துளியோடு துளி சேர்ந்து மழையாகிவிடும்.

நவம்பர், டிசம்பரில் நம் கடற்கரையை ஒட்டித் தாழ்வு மண்டலம் நிற்கும்போது பல இரவுகளில் நடப்பது இதுதான். அக்டோபரில் வானத்தைப் பிளந்த இடி அப்போது அவ்வளவாகக் கேட்காது. மழை மட்டும் விடாமல், மேகம் மாற்றி மேகம் அதே ஊரின் மேல் வந்து கொட்டும். தென்மேற்குப் பருவமழையின் உச்சத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அப்படியே. நீலகிரி அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் பதிவானது. 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்கிறோம். மின்னலைத் தேடிக்கொண்டிருந்தால் இந்த மாதிரி மழையைத் தவறவிட்டுவிடுவோம். ஆகவே தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் நவம்பரில் இடிச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம்; சிவப்பு எச்சரிக்கை வந்தால், வானம் அமைதியாக இருந்தாலும் வண்டியை மேட்டுக்கு நகர்த்திவிடுங்கள், முக்கியமான காகிதங்களை மேல்தட்டில் வையுங்கள்.

கோடையில் கதை தலைகீழ். மின்னல் முந்திக்கொள்ளும், மழை பிந்தும். வயலில் நிற்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், முதல் துளி விழுந்ததும் ஒதுங்கலாம் என்றிருக்கிறார்கள். துளி விழுமுன்பே அவர்கள் ஆபத்துக்குள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஓடி ஒதுங்குவதும் பெரும்பாலும் ஒரு மரத்தடிக்கு. இந்தியாவில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரத்தடிதான் நினைவுக்கு வந்து வலிக்கிறது. இடி காதில் விழுந்தாலே சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள கட்டடத்துக்குப் போய்விடுங்கள். கண்ணாடி ஏற்றிய காரும் பாதுகாப்புதான். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டால் அருகில் மின்னல் அடிப்பதைக் காட்டும்.

மழை விட்டதும் துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெருமழை ஓய்ந்து தூறலாகும்போது பின்னால் இழுபடும் மேகத்திலிருந்து, எண்ணிக்கையில் குறைவானாலும் வலுவான மின்னல்கள் இறங்குவதுண்டு. கடைசியாகக் கேட்ட இடியிலிருந்து அரை மணி நேரம் போகட்டும். துணி நனைந்தால் மறுநாள் காயப் போட்டுக்கொள்ளலாம்.