வாட்டர்மார்க்: தமிழில் நீர்க்குறி

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் எழுதிய ஒரு கடிதம் ஆவணக் காப்பகத்தில் உங்கள் கைக்கு வருகிறது என்று வையுங்கள். மங்கிய மை, மடிப்புத் தடம், உடைந்த அரக்கு. ஒளிப்பலகைமேல் வைத்ததும் எழுத்துக்கு அடியிலிருந்து ஒரு கிரீடமோ கேடயமோ ஆலைக்காரர் பெயரோ எழும்பி வரும். அதுதான் வாட்டர்மார்க்.

பெயரில் நீர் இருந்தாலும் இது தண்ணீரால் போட்ட குறி இல்லை. அப்போதெல்லாம் கந்தல் துணியை இடித்துக் கூழாக்கி, கம்பி வலைச் சட்டத்தால் ஒவ்வொரு தாளாக அள்ளி எடுப்பார்கள். அந்த வலைமேல் மெல்லிய கம்பியை உருவமாக வளைத்துத் தைத்திருப்பதால் அந்த இடத்தில் கூழ் குறைவாகப் படியும், தாள் மெலியும், வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 1282-லேயே இது இருந்தது. நாம் 'ஃபுல்ஸ்கேப்' என்கிறோமே, அதில் முழு அளவு என்ற பொருளே கிடையாது, கோமாளியின் மணித்தொப்பி நீர்க்குறியாக இருந்த தாள் அது.

ஏற்றுமதிக் காகிதத்துக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால் நீர்க்குறியில் ஆண்டு இருக்க வேண்டும் என்று 1794-ல் பிரிட்டனில் சட்டம் வந்தது. அப்புறம் ஆய்வாளர்களுக்கு நல்ல பிடி கிடைத்துவிட்டது. 1790 என்று தேதியிட்ட கடிதத்தில் 1796 நீர்க்குறி தெரிந்தால் அந்தத் தேதி பொய். ஆனால் 1794 தாளில் 1798-லும் எழுதியிருக்கலாம், அதனால் இது கீழ் எல்லையை மட்டும்தான் சொல்லும். அதே 1790-களில் ஷேக்ஸ்பியர் கடிதங்களைப் போலியாக எழுதிய வில்லியம் ஹென்றி அயர்லாந்து, முதலாம் எலிசபெத் அரசி காலத் தாளில் ஜாடி உருவம் அதிகம் என்று கேள்விப்பட்டு, ஜாடி போட்ட பழைய தாள்களாகத் தேடி எடுத்தார். அப்படியும் 1796-ல் ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் எட்மண்ட் மலோன் எழுத்துக்கூட்டலையும் மொழியையும் வைத்தே அந்தப் போலியை உடைத்தார்.

சரி, தமிழ்ச் சொல்? பிரெஞ்சுக்காரர்கள் கம்பியை வைத்து 'ஃபிலிக்ரான்' என்கிறார்கள். 'நீர்க்குறி' வெறும் நேர்பெயர்ப்பு, 'ஊடுகுறி' என்றால் பொருத்தமாயிருக்குமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் ரத்தினத்துக்குள் தெரியும் ஒளியை நாம் நீரோட்டம் என்றுதானே சொல்கிறோம்? வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரிவதற்கு நம் மொழியில் 'நீர்' ஏற்கெனவே இருக்கிறது. ஆவணப் பட்டியலில் நான் தயங்காமல் நீர்க்குறி என்றே எழுதுகிறேன்.