ஈசிஜி நார்மல், பயம் மட்டும் போகவில்லை

மனநல சிகிச்சைக்காக என்னிடம் வருபவர்களில் ஒரு சாராரைக் கையில் இருக்கும் ஃபைலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நாலைந்து ஈசிஜி, ஒரு எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், தைராய்டு ரிப்போர்ட், சிலரிடம் எண்டோஸ்கோப்பியும். எல்லாமே நார்மல். "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க மேடம், ஆனா எனக்கு என்னமோ பண்ணுது" என்பார்கள். இரண்டுமே உண்மைதான். இதயத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு என்னமோ பண்ணத்தான் செய்கிறது. பேனிக் அட்டாக் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உள்ளங்கை வியர்க்கும், தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றி மரத்துப்போகும். 'இதோ செத்துவிடப் போகிறேன்' என்று தோன்றும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கிவிடும். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கியிருக்கும். அங்கே போட்ட ஊசியில்தான் பிழைத்தோம் என்று வீடு திரும்புவார்கள். சிலர் கேஸ் என்று நினைத்து, சோடா, பெருங்காயம், அசிடிட்டி மாத்திரை என்று ஒரு வருடம் சுற்றிவிட்டு வருவார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், 'பேனிக்காக இருக்கும்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு எல்லாமே படபடப்பைக் கொடுக்கும். அவை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, அதே டெஸ்டை நாலாவது முறை எடுப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. ரிப்போர்ட் தரும் நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்காது. 'அந்த மிஷின் சரியாகப் பார்த்திருக்குமா?' என்று சந்தேகம் மறுபடி தலைதூக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். மாடிப்படி ஏறியதாலோ ஸ்ட்ராங் காபியாலோ தூக்கம் கெட்டதாலோ இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்று மனம் அதைப் படிக்கிறது. பயந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, துடிப்பு இன்னும் ஏறுகிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் நுனி கூசுகிறது, தலை சுற்றுகிறது. 'பார், நான் நினைத்தது சரிதான்' என்று பயம் இரட்டிப்பாகிறது. டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-ல் இந்தச் சுழலை விளக்கி எழுதினார். இன்று நாங்கள் தரும் சிகிச்சையில் பெரும்பகுதி அங்கிருந்து வளர்ந்ததுதான்.

அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதை நெருங்கும் கடைக்காரர். அட்டாக் வந்தது மாதத்தில் ஒன்றிரண்டு முறை, அதற்குப் பயந்து வாழ்ந்தது முப்பது நாளும். பஸ்ஸில் கதவோரம்தான் உட்காருவார். கோயிலில் கூட்டம் என்றால் கோபுர தரிசனத்தோடு திரும்பிவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை. இரவில் மனைவி எழுந்து நாடி பார்க்க வேண்டும். இவையெல்லாம் தன்னைக் காப்பாற்றுவதாக அவர் நம்பினார். உண்மையில் பயத்துக்குத் தீனி போட்டவை இவைதான். கதவோரம் உட்கார்ந்ததால்தான் பிழைத்தேன் என்று நம்பும்வரை, நடுவில் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிய வழியே இல்லை.

தெரபி என்றால் உட்கார வைத்துப் புத்திமதி சொல்வார்கள் என்று நினைத்து வந்தார். தைரியமாக இருங்கள் என்று சொல்ல அவருடைய மாமனாரே போதும், அதற்கு நான் எதற்கு? சில அமர்வுகள் பேசி, சுழலைத் தாளில் வரைந்து புரியவைத்த பிறகு, என் முன்னாலேயே நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடச் சொன்னேன். (ரிப்போர்ட்டுகளைப் பார்த்து, அவருடைய டாக்டரிடமும் கேட்டுக்கொண்ட பிறகுதான்.) ஓடி நின்றதும் கை தானாகக் கழுத்து நரம்புக்குப் போனது. "கையை எடுங்க. என்ன செய்யுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். "இதேதான் மேடம், அன்னிக்கும் இதேதான்" என்றார், முகம் வெளிறி. உட்காரவும் இல்லை, தண்ணீரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் துடிப்பு இறங்கியது. மறுபடி ஓடினார். மூன்றாவது முறை அவருக்குச் சலிப்புத் தட்டியது. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சலிப்புதான்.

அப்புறம் பஸ்ஸில் நடு சீட், மாத்திரை அட்டை இல்லாமல் கடைவீதி, கடைசியாகக் கோயில் வரிசை. பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் நல்ல மாற்றம் தெரியும். இடையில் ஒரு அட்டாக் வந்தால் எல்லாம் வீண் என்று அர்த்தமில்லை.

மாத்திரையைப் பற்றியும் கேட்பார்கள். தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தினமும் சாப்பிடத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் 'கேட்கலை' என்று நிறுத்திவிடுகிறார்கள். அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் உடனே கேட்கும், ஆனால் பழக்கமாகிவிடும். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடுவதும் தப்பு, பல மாதம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லாதீர்கள். அவருடைய துடிப்பும் வியர்வையும் நிஜம். அதற்காக ஒவ்வொரு முறையும் நாடி பார்த்து 'ஒன்றுமில்லை' என்று உறுதி கொடுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், இறங்கும்வரை பொறுங்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த ஃபைலையும் எடுத்துச் செல்லுங்கள், எடுத்த டெஸ்டையே மறுபடி எடுக்க வேண்டியிருக்காது.